நயமா திருப்பு, தம்பி

காலையில் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது மூக்குக்குத்தான். வாசல் சிமென்ட் தரையில், ஸ்கூட்டருக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். குனிந்து பார்த்தேன். இன்ஜினின் அடிவயிற்றில் ஒரு துளி திரண்டு தொங்கியது. கனத்தது, நீண்டது, விழுந்தது. விழுந்த இடத்தில் பரவி, ஓரத்தில் மயில் கழுத்தின் நிறம் காட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. காய்ந்தது பெட்ரோல். காயாமல் நின்றது அதில் கலந்திருந்த டூ-டி ஆயில். ஒரு துளிக்கு ஒரு வளையம். இரவெல்லாம் எவ்வளவு சொட்டியிருக்கிறது என்ற கணக்கு, வளையத்தின் மேல் வளையமாகத் தரையிலேயே எழுதியிருந்தது.

அப்பாவின் பஜாஜ் சேட்டக் அது. அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி முதலியார்பேட்டை மில்லுக்கு அவர் போய்வந்த வண்டி. ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு எங்கள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி. முன்னால் நின்றுகொண்டு போன சிறுவன் நான். கிளப்புவதற்கு முன் அப்பா அதைத் தன் பக்கமாக ஒரு தரம் சாய்த்து நிமிர்த்துவார். அது ஏதோ வேண்டுதல் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சாய்த்தால் மிதவைத் தொட்டியில் பெட்ரோல் மட்டம் ஒரு பக்கம் ஏறி, குளிர்ந்து கிடக்கும் இன்ஜினுக்கு முதல் மிடறு கொஞ்சம் கெட்டியாகக் கிடைக்கும். அதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அறிந்த பிறகு அந்தச் சாய்ப்பு எனக்கு இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.

சேட்டக் 1972-ல் வந்தது. பெயர் ராணா பிரதாப்பின் குதிரையுடையது. உடல் இத்தாலிய வெஸ்பாவின் வழி. 1946-ல் வெஸ்பாவை வரைந்த கொர்ராதீனோ தாஸ்கானியோ விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் செய்தவர். ஏறி உட்காருபவரின் உடையில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்பதற்காக இன்ஜினைத் தகட்டுக்குள் மறைத்தார். அதனால் இந்த வண்டியின் கார்புரேட்டரை ஆண்டுக்கணக்காக ஓட்டியவர்கள்கூடக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். வலப்பக்கத் தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். அதையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியிருப்பார்கள். நானும் அன்றுதான் முதல்முறை முழுதாகப் பார்த்தேன்.

பெட்ரோல் சொட்டும் வண்டியை உதைத்துக் கிளப்பக் கூடாது. தள்ளிக்கொண்டே போனேன். கடலூர் சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெருவின் முனையில், பூவரச மரத்தடியில், தகரம் போட்ட ஒரு மெக்கானிக் கடை. அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர் அந்தக் கடை அண்ணன்தான். குனிந்து முகர்ந்தார். ஸ்பேனரை எடுக்கவில்லை.

“எத்தினி நாளா?”

“நேத்து ராத்திரிதான்ண்ணே. டேப்பை மூட மறந்துட்டேன்.”

“டேப்பை மூடாதது குத்தம் இல்ல தம்பி. மூடாட்டியும் பெட்ரோல் உள்ள நிக்கணும். நிக்கலைன்னா, உள்ள ஒண்ணு சரியா உக்காரலைன்னு அர்த்தம்.”

ஒரு கவிதையின் பொருளை முதல் அடியிலேயே பிடித்துவிடுகிற ஆசிரியரைப் போல அவர் சொன்ன சொல் அது. அதன் பிறகு இரண்டு மணி நேரம் அவர் செய்ததெல்லாம், எது உட்காரவில்லை என்று தேடியதும், அதை உட்கார வைத்ததும்தான்.

இந்த வண்டியில் பெட்ரோலைத் தள்ள பம்பு கிடையாது. சீட்டுக்கு அடியில் டேங்க். அதற்குக் கீழே கார்புரேட்டர். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் தண்ணீர் இறங்குவதுபோல் தன் எடையாலேயே இறங்குகிறது. இறங்குவதை நிறுத்துவது இரண்டே இடம். ஒன்று, கையால் திருப்பும் டேப்பு: மூடியது, திறந்தது, ரிசர்வ் என்று மூன்று நிலை. இன்னொன்று, கை படாத இடத்தில் தானே திறந்து தானே மூடும் ஓர் ஊசி. முதலாவதை நான் மறந்தேன். இரண்டாவது என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

முதலில் டேப்பை மூடினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்: நனைந்து கறுத்திருந்தது. பிளக் இல்லாமலே கிக்கரை நாலைந்து முறை மெல்ல மிதித்து, கிராங்குக்குள் இறங்கியிருந்த பெட்ரோலை வெளியே தள்ளினார். வெஸ்பா வழி இன்ஜினில் கார்புரேட்டர் நேராக கிராங்க் கூட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். மேலே வழிந்தால் பாதி தரைக்கு வரும், பாதி இன்ஜினின் வயிற்றுக்குள் போகும். தரையில் கண்டது முழுக் கணக்கு அல்ல.

அடுத்து ரப்பர் டியூப். அதை விரலால் மடித்து மடித்துப் பார்த்தார். நல்ல டியூப் மடித்தால் வளையும், விட்டால் நிமிரும். பழையது மடிப்பில் பொடிப்பொடியாக வெடிப்பு காட்டும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பரை ஊதவும் வைக்கும், உலரவும் வைக்கும். எங்கள் ஊரிலோ கிழக்கே கடல், பக்கத்திலேயே கழிமுகம். உப்புக்காற்றுக்கு ஓய்வே இல்லை. டியூப்பை மாற்றிவிடலாம் என்று ஓரமாக வைத்தார். ஆனால் சொட்டு அதிலிருந்து வரவில்லை. டியூப் வெளியில் உலர்ந்திருந்தது.

ஏர் ஃபில்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகாணிகள், பிறகு அடியைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள், ஆக்சிலேட்டர் கம்பி, சோக் கம்பி. கார்புரேட்டர் கைக்கு வந்தது. ஒரு மாங்காய் அளவுதான். மங்கிய வெள்ளி நிறம். இடுக்குகளில் ஆயிலும் புழுதியும் சேர்ந்து உறைந்த கறுப்பு. அதற்குள் இருந்த பெட்ரோலை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கவிழ்த்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அடியில் செம்பழுப்பாய் நாலைந்து துகள். அதற்கும் கீழே, பெட்ரோலோடு ஒட்டாமல், உருண்டு ஓடும் இரண்டு முத்துகள். தண்ணீர்.

“டேங்குல துரு இருக்கு, தண்ணி இருக்கு. ஆனா இதுவும் பாதிதான்,” என்றார்.

மிதவைத் தொட்டியின் மூடிக்கு இரண்டு திருகாணிகள். மூடியைத் தூக்கினால் மிதவையும் ஊசியும் அதோடு தொங்கிக்கொண்டு வரும். மிதவையைப் பிடித்திருக்கும் அச்சு, நூல் கோக்கிற ஊசியைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவே. அதை உருவி, மிதவையைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். ஓட்டை விழுந்த மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருந்தால் தேங்காய்க்குள் தண்ணீர் ஆடுவதுபோலச் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. மிதவை நல்லது.

பிறகு ஊசி. நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. முனை கூம்பு. இதன் வேலையை ஒரு விவசாயிக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. இது ஒரு மதகு. நம்மூர்ப் பழைய ஏரி மதகுகளில் கல்லில் குடைந்த வட்டத் துளையைக் கூம்பான ஓர் அடைப்பால் மேலிருந்து இறக்கி மூடுவார்கள். இங்கே ஊசி கீழிருந்து ஏறி மூடுகிறது. தொட்டியில் பெட்ரோல் ஏற மிதவை ஏறும்; மிதவை ஏற ஊசி ஏறித் துளையில் அமரும்; வரத்து நிற்கும். இன்ஜின் குடிக்கக் குடிக்க மட்டம் தாழும், ஊசி இறங்கும், வரத்து தொடங்கும். மதகைத் திறந்து மூட ஒரு நீர்க்கட்டி வேண்டும். இதற்கு யாரும் வேண்டாம். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைப் பெட்ரோலே அளந்துகொள்கிறது.

அண்ணன் அந்த ஊசியை என் உள்ளங்கையில் வைத்தார். “கூம்பு மேல நகத்தை மேலேருந்து கீழ இழுத்துப் பாரு.”

இழுத்தேன். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் நகம் ஒரு நொடி தடுக்கியது. வெயிலில் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: கூம்பைச் சுற்றி மயிரிழை அகலத்தில் ஒரு வளையப் பள்ளம். பல ஆண்டுகளாக ஒரே இடத்தில், லட்சக்கணக்கான முறை அமர்ந்து எழுந்து தேய்ந்த தடம். படிக்கட்டின் நடுவில் பாதம் பட்டுப் பட்டுக் குழிந்திருக்குமே, அதுபோல. அந்தப் பள்ளத்தில் ஒரு துருத் துகள் வந்து ஒட்டியதும் ஊசி முழுதாக உட்கார முடியவில்லை. மயிரிழை இடைவெளி. அதன் வழியேதான் ஓர் இரவு முழுவதும் பெட்ரோல் இறங்கியிருக்கிறது.

புது ஊசி போட்டார். சும்மா போட்டுவிடவில்லை. ஊசி அமரும் பித்தளை இருக்கையை மெல்லிய துணி சுற்றிய தீக்குச்சியால், அழுத்தாமல், சுற்றிச் சுற்றித் துடைத்தார். மிதவையைக் கோத்தார். மூடியைத் தலைகீழாகப் பிடித்தார். இப்போது மிதவையின் எடை ஊசியை இருக்கையில் அமர்த்துகிறது. பெட்ரோல் நுழையும் வாயில் ஒரு துண்டு டியூப்பைச் செருகி ஊதினார். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. மிதவையை ஒரு விரலால் தூக்கினார். புஸ்ஸென்று போனது. விட்டார். நின்றது. மூன்று முறை. ஓர் இசைக்கலைஞர் சுருதி பார்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரிந்திருக்கும்.

அத்தோடு மூடியிருக்கலாம். “கழட்டினதுக்கு இதையும் பாத்துடலாம்,” என்று ஜெட்டுகளை எடுத்தார்.

ஜெட் என்பது ஒரு சின்னப் பித்தளைத் திருகாணி; நடுவில் துளை. அதன் உடம்பில் பொடி எழுத்தில் ஓர் எண். இத்தாலிய டெல்லோர்ட்டோ நிறுவனத்தின் வழி வந்த இந்தக் கார்புரேட்டர்களில் அந்த எண்தான் துளையின் விட்டம், மில்லிமீட்டரை நூறாகப் பகுத்த கணக்கில். 98 என்றால் 0.98 மில்லிமீட்டர், 100 என்றால் சரியாக ஒரு மில்லிமீட்டர். இரண்டுக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். விட்டத்தில் இரண்டு கூடினால் துளையின் பரப்பு நூற்றுக்கு நான்கு கூடிவிடுகிறது. இன்ஜின் குடிப்பதும் அதற்கேற்ப மாறுகிறது. வண்டி நின்ற இடத்தில் ஓடுவதற்கான சிறிய ஜெட்டின் துளையோ அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இதில் கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளை கீறிப்போகும், எண் பொய்யாகிவிடும். அதனால் அண்ணன் கம்பியைத் தொடுவதில்லை. பலகை இடுக்கிலிருந்து ஒரு முழம் தூண்டில் நரம்பை எடுத்தார். வீராம்பட்டினத்து மீன்காரர்கள் வீசுகிற அதே நரம்பு. அதைத் துளையில் விட்டு இழுத்தார், பெட்ரோலில் அலசினார், கண்ணருகே வைத்து வானத்தைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். துளையின் மறுபக்கத்தில், குண்டூசித் தலையளவுகூட இல்லாத, வட்டம் பிசகாத ஒரு நீலம்.

அந்த நீலத்தைப் பார்த்தபோது எனக்கு அரிக்கமேடு நினைவு வந்தது. கடையிலிருந்து காக்காயந்தோப்புப் பக்கம் போனால், ஆற்றங்கரையில் அது இருக்கிறது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோமானியரோடு நடந்த வணிகத்தின் தடயங்களை உலகுக்குச் சொன்னார். ஆனால் அந்த மண்ணின் உள்ளூர்ப் பெருமை மணிகள். உருகிய கண்ணாடியை, நடுவில் காற்று நிற்கும்படி, நீளக் குழலாக இழுத்து, நறுக்கி, கடுகளவு மணியாக்கினார்கள். துளை போட வேண்டியதே இல்லை. இழுக்கும்போதே துளையும் கூடவே ஓடிவரும். கல்மணிகளை இரு முனையிலிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க வைத்தார்கள். அந்த வகைக் கண்ணாடி மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா முழுவதும் கிடைக்கின்றன. துளை கோணினால் மணி கோக்காது. ஜெட் கோணினால் வண்டி ஓடாது. ஒரு சிறு துளையைச் சரியாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, இந்த ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டாக யாராவது ஒருவர் கையால் அறிந்தே இருந்திருக்கிறார்கள்.

அந்தத் துளையின் வேலையையும் சொல்லிவிட வேண்டும். கார்புரேட்டரின் தொண்டை ஓரிடத்தில் குறுகும். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்த காற்றின் அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தூவுகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய, சுமார் 9,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் நொடிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட மூச்சு இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அளவு மாறாமல் ஒரு சாரல். மின்சாரமோ கணிப்பொறியோ இதில் இல்லை. மாங்காய் அளவு உலோகத்தில் சில துளைகள், ஒரு மிதவை, ஓர் ஊசி.

கடைசியாக அடித்தளம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை விரித்து, கார்புரேட்டரின் அடியை அதன்மேல் வைத்து, எட்டுப் போடுவதுபோல நாலு சுற்று தேய்த்தார். தூக்கிக் காட்டினார். நடுவில் பளபளப்பு, திருகாணி போகும் இரு ஓரங்களிலும் பளபளப்பு, இடையில் இரண்டு இடம் மங்கலாகவே நின்றது. அந்த மங்கல் பள்ளம். யாரோ எப்போதோ நட்டை வெறிகொண்டு முறுக்கியதில் உலோகம் வளைந்திருக்கிறது. கசியக் கூடாது என்று முறுக்கிய முறுக்கே அங்கே கசிவுக்கு வழி செய்திருந்தது. முழுவதும் ஒரே நிறமாகப் பளபளக்கும் வரை தேய்த்தார். அவசரமே இல்லை. புதுப் பேக்கிங் வைத்து, கார்புரேட்டரை இடத்தில் அமர்த்தி, நட்டுகளைக் கைவிரலாலேயே ஓடவிட்டுப் பிறகு ஸ்பேனரைக் கொடுத்தார்.

“நீயே முறுக்கு. உங்க அப்பா முறுக்குவாரு.”

முறுக்கினேன். இறுகியது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று தோள் பலத்தைக் கொடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நயமா திருப்பு, தம்பி. இதுல கொஞ்சம், அதுல கொஞ்சம். உக்காந்துச்சுன்னு கை சொல்லும். சொன்னதும் விட்டுடணும்.”

நயம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா கரும்பலகையில் எழுதிப் போட்டபோது படித்தேன்: சொல் நயம், பொருள் நயம், ஓசை நயம். மளிகைக் கடையில் கேட்டிருக்கிறேன்: நயம் நெய், நயம் பருப்பு. கோபக்காரரிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் நயமாகப் பேசச் சொல்வாள் அம்மா. அழகு, தரம், மென்மை. மூன்றும் வேறு வேறு என்றுதான் இருந்தேன். அந்த ஸ்பேனரின் முனையில் மூன்றும் ஒன்றாக இருந்தன. மென்மையாகத் திருப்பினால்தான் பரப்பு வளையாது. பரப்பு வளையாவிட்டால்தான் வேலை தரமானது. தரமாக அமர்ந்த ஒன்றைப் பார்த்தால் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. தமிழ் இதை ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. எங்கள் தெரு முனை மெக்கானிக் அதை மூன்று பொருளிலும் சேர்த்தே சொல்கிறார்.

மறுபடி பிடித்தேன். இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று. ஒரு கட்டத்தில் ஸ்பேனரின் எதிர்ப்பு மாறியது. அதற்கு முன் அது வழுக்கிக்கொண்டு வந்தது, இப்போது நின்றது. கை சொன்னது. விட்டேன்.

ஐட்லிங் திருகாணியை மட்டும் அவரே வைத்தார். மென்மையாக உள்ளே அமரும் வரை திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. டேப்பைத் திறந்தார். கசிகிறதா என்று பார்க்க ஒரு பீடிக்கட்டுத் தாளை அடியில் செருகினார். பத்து நிமிடம் டீ. தாள் காய்ந்தே இருந்தது. சோக்கை இழுத்து உதைத்தார். இரண்டாவது உதையில் பிடித்தது. உள்ளே தங்கியிருந்த ஆயில் எரிந்து முதலில் ஒரு பெரும் வெண்புகை. பூவரச இலைகளுக்குள் போய்க் கலைந்தது. சோக்கைத் தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்து, திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே கேட்டார். முதலில் அவசரப் பேச்சு. அப்புறம் திக்கல். அப்புறம், எங்கோ ஓர் இடத்தில், ஒன்றுக்கொன்று சம இடைவெளி விட்டு, வட்டமாக, நிதானமாக வந்து விழுந்தது சத்தம். அப்பா மில்லிலிருந்து தெருமுனை திரும்பும்போது நாங்கள் வாசலுக்கு ஓடிவருவோமே, அந்தச் சத்தம். ஓசை நயம் என்பதற்கு எனக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பி.எஸ். 6 விதி வந்தது. புது இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் இடத்தை மின்னணு எரிபொருள் உட்செலுத்தி எடுத்துக்கொண்டது. சேட்டக் என்ற பெயரிலேயே இப்போது மின்சார ஸ்கூட்டர் ஓடுகிறது. காற்றுக்கு அது நல்லது. அந்த வெண்புகையை நினைத்தால் மறுக்க முடியாது. ஆனால் இந்த ஊரில் நாலைந்து பட்டறைகளில் இன்னும் சிலரது விரல்களில் இருக்கும் இந்த அறிவு, மிதவையைக் காதில் ஆட்டிப் பார்ப்பதும், ஊசியை நகத்தால் வாசிப்பதும், தூண்டில் நரம்பால் துளை துலக்குவதும், நான் பார்த்த எந்தக் கையேட்டிலும் இப்படி முழுதாக ஏறவில்லை. அதனால்தான் நான் கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கிறேன்.

அன்றிரவு டேப்பை மூடினேன். பிறகு, அவர் சொன்னது நினைவு வந்து, வேண்டுமென்றே திறந்துவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் விளக்கு பிடித்துக்கொண்டு போய்க் குனிந்தேன். இன்ஜினின் அடிவயிறு உலர்ந்திருந்தது. தரையில் முந்தைய இரவின் வளையங்கள் அப்படியே இருந்தன. புதிதாக ஒன்றுகூடச் சேரவில்லை.